நம்ம கோச்சியை நாமும் தெரிந்துகொள்வோம்
கடுகண்ணாவை ரயில் அருங்காட்சியகமும் மலைப்பாதைப் பயணமும்



கோச்சி என்றால் நம் லயத்தில் தெரியாத பிள்ளை கிடையாது. மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும்போது கீழே கூவிக்கொண்டு போகும். அந்தச் சத்தத்தை வைத்தே நேரம் சொல்லுகிற பெரியவர்கள் நம்மிடையே இருந்தார்கள். கண்டிக்கு, கொழும்புக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகளை ஸ்டேஷனில் ஏற்றி அனுப்பாத வீடும் குறைவு.

இன்று அதே கோச்சியில் ஏறிப் பார்க்க எங்கெங்கோ இருந்தெல்லாம் வெள்ளைக்காரர்கள் வருகிறார்கள். எல்லவில் பாலத்தின் பக்கத்தில் நின்று படம் பிடிக்கிறார்கள். நாம் தினமும் பார்க்கிற பாதைதானே, இதில் என்ன அதிசயம் என்று நமக்குத் தோன்றலாம். அதிசயம் இருக்கத்தான் செய்கிறது. அந்தப் பாதை எதற்காகப் போடப்பட்டது, அவ்வளவு பாரத்தை எஞ்சின் எப்படி மலைக்கு இழுக்கிறது, யார் கையால் அந்தக் கல் உடைக்கப்பட்டது என்று கேட்டால் நம் பிள்ளைகளில் பலருக்குப் பதில் தெரியாது. பாடப் புத்தகத்தில் ஓரிரு வரி இருக்கும், அவ்வளவுதான். நம் பாட்டன் பூட்டன் கதையில் பாதி இந்தத் தண்டவாளத்தோடு கலந்திருக்கிறது. ஆகவே, குடும்பத்தோடு ஒரு நாள் போய்ப் பார்த்து வரக்கூடிய ஓர் இடத்தையும், ஒரு பயணத்தையும் பற்றி இந்த இதழில் சொல்லுகிறோம்.

எதற்காகப் போட்டார்கள் இந்தப் பாதையை?

மலைநாட்டில் முதலில் இருந்தது கோப்பித் தோட்டங்கள். காய்ந்த கோப்பியை மூடை கட்டி, மாட்டு வண்டியில் ஏற்றி, கடுகண்ணாவைக் கணவாய் வழியாகக் கொழும்புத் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். மழைக் காலத்தில் வண்டி சேற்றில் புதையும், மாடு விழுந்து சாகும். சரக்கு கொழும்பு போய்ச் சேர நாள் கணக்காகும். கூலியும் அதிகம், சேதமும் அதிகம். அதனால் துரைமார்கள் ரயில் பாதை வேண்டும் என்று அரசாங்கத்தை நெருக்கினார்கள்.

1858ஆம் ஆண்டு ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் முதல் மண்ணை வெட்டி வேலையைத் தொடக்கி வைத்தார். கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸ வரையிலான 54 கிலோமீற்றர் பாதையில் 1864 டிசம்பர் 27ஆம் திகதி முதல் ரயில் ஓடியது. பொதுமக்களுக்கான சேவை 1865இல் தொடங்கியது. 1867இல் கோச்சி கண்டியை எட்டியது. அதே ஆண்டில்தான் ஜேம்ஸ் டெயிலர் என்பவர் லூல்கந்துரைத் தோட்டத்தில் தேயிலை பயிரிட்டார் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

அதன் பிறகு பாதை தோட்டங்களைத் தேடிக்கொண்டே மேலே போனது. 1874இல் நாவலப்பிட்டி. 1880இல் மாத்தளைக்கு ஒரு கிளைப் பாதை. 1884இல் ஹட்டன். 1885இல் நானுஓயா. இதற்குள் இலை நோய் வந்து கோப்பி அழிந்துபோய், அதே மலைகளில் தேயிலை வந்துவிட்டது. 1894இல் பண்டாரவளை. கடைசியாக 1924இல் பதுளை. கொழும்பிலிருந்து பதுளை வரை 292 கிலோமீற்றர் போட்டு முடிக்க அறுபது ஆண்டுகளுக்கு மேல் சென்றது.

இந்தக் கோச்சி மேலே வரும்போது அரிசி மூடையும் உரமும் ஏற்றி வரும். இறங்கும்போது தேயிலைப் பெட்டி ஏற்றிப் போகும். பல தோட்டங்களுக்கு ஸ்டேஷன்தான் வாசல். கிரேட் வெஸ்டர்ன் போன்ற சில ஸ்டேஷன்களுக்குத் தோட்டத்தின் பெயரே நிலைத்துவிட்டது. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலைக்கு ஒரு சின்னக் கோச்சியும் ஓடியது. 1900களின் தொடக்கத்தில் திறந்த அந்தக் குறுகிய பாதை 1940களில் மூடப்பட்டது. தண்டவாளத்தையும் கழற்றிவிட்டார்கள்.

யாருடைய கை வேலை?

ரயில் பாதையின் சரித்திரத்தை எழுதியவர்கள் எஞ்சினியர்மாரின் பெயரைப் பத்திரமாக எழுதி வைத்திருக்கிறார்கள். பிரதம எஞ்சினியர் கில்ஃபர்ட் மோல்ஸ்வர்த், முதல் பாதையைக் குத்தகைக்கு எடுத்துப் போட்ட ஃபேவியல் என்று பெயர்கள் கிடைக்கும். பாறையில் துளை போட்டு வெடி வைத்தவர், கூடையில் மண் சுமந்தவர், சிலிப்பர் கட்டை தூக்கியவர் பெயர் கிடைக்காது. அந்தக் கூட்டத்தில் பெருந்தொகையானவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள். கடுகண்ணாவை ஏற்றத்தில் அடர்ந்த காட்டுக்குள் வேலை செய்தவர்களில் பலர் காய்ச்சலில் மாண்டார்கள்.

அவர்கள் இந்த மலைக்கு எப்படி வந்தார்கள் தெரியுமா? கோச்சியில் வரவில்லை. மன்னார்க் கரையில் தோணியிலிருந்து இறங்கி, காட்டு வழியாக மாத்தளை வரை ஏறக்குறைய 150 மைல் நடந்து வந்தார்கள். தண்ணீர் இல்லாமலும், வாந்திபேதியிலும், காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பலும், தலைமன்னாரிலிருந்து ரயிலும் இணைந்தது 1914ஆம் ஆண்டில்தான். அதற்குப் பிறகு வந்தவர்கள் மண்டபம் முகாமில் தங்கி, கப்பலில் கடந்து, கோச்சியில் ஏறி மலைநாட்டுக்கு வந்தார்கள். 2023இல், மலையகத் தமிழரின் 200 ஆண்டுகளை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை பலர் நடந்தே சென்றதைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பழைய வழியை நினைத்துத்தான் அந்த நடை.

கடுகண்ணாவையில் என்ன பார்க்கலாம்?

தேசிய ரயில் அருங்காட்சியகம் கடுகண்ணாவை ஸ்டேஷனை ஒட்டி இருக்கிறது. இலங்கையில் ரயில் ஓடத் தொடங்கி 150 வருடம் நிறைந்த நாளில், அதாவது 2014 டிசம்பர் 27ஆம் திகதி, இது திறக்கப்பட்டது. கண்டி - கொழும்பு பஸ் வண்டியில் போனாலும் இறங்கிப் பார்க்கலாம். அந்த ஊரிலேயே, கண்டி வீதியைப் போட்ட கப்டன் டோசன் ஞாபகமாகக் கட்டிய உயரமான கோபுரமும், பாறையைக் குடைந்து பழைய வீதி போட்ட இடமும் உண்டு.

அங்கே பழைய எஞ்சின்களும், ரயில் பெட்டிகளும், பாதை பார்க்கப் போகிற தள்ளுவண்டிகளும், சிக்னல் கருவிகளும், பழைய படங்களும் ஆவணங்களும் வைத்திருக்கிறார்கள். சும்மா சுற்றி வந்தால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். விஷயம் தெரிந்து பார்த்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவது கஷ்டம். நான்கு விஷயங்களைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

முதலாவது, தண்டவாளத்தின் அகலம். நம் பெரிய பாதையில் இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே 5 அடி 6 அங்குலம். இராகலைக்கும், ஆரம்பத்தில் களனிவெளிப் பாதைக்கும் போட்ட குறுகிய பாதையில் 2 அடி 6 அங்குலம் மட்டும். உலகத்தில் மலை ஏறுகிற ரயில்கள் பெரும்பாலும் குறுகிய பாதையில் ஓடுகின்றன. நம் நாட்டில் அகலப் பாதையையே ஆறாயிரம் அடிக்கு மேல் கொண்டு போயிருக்கிறார்கள்.

இரண்டாவது, நீராவி எஞ்சின். ஸ்டோரில் பொயிலர் வேலை பார்த்தவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். அடுப்பில் தீ எரித்துத் தண்ணீரைக் கொதிக்க வைத்து, அந்த ஆவியின் அழுத்தத்தால் தண்டை முன்னும் பின்னும் தள்ளி ரோதையைச் சுற்ற வைக்கிறார்கள். ஓட்டுகிறவர் ஒருவர், தீ போடுகிறவர் ஒருவர். மலை ஏறும்போது தீ போடுகிறவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. 1954இல் கனடா நாடு கொழும்புத் திட்டத்தின் கீழ் டீசல் எஞ்சின்கள் கொடுத்த பிறகு நீராவி எஞ்சின்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுங்கின. அந்தக் கனடா எஞ்சின்களுக்கு ஒன்டாரியோ, அல்பர்ட்டா என்று அந்த நாட்டு மாகாணங்களின் பெயரை வைத்தார்கள்.

மூன்றாவது, டப்லட் கருவி. மலைப்பாதை ஒற்றைப் பாதை. ஒரே தண்டவாளத்தில் மேலே போகிற கோச்சியும் கீழே வருகிற கோச்சியும் மோதாமல் எப்படிக் காப்பாற்றுவது? பக்கத்துப் பக்கத்து ஸ்டேஷன் இரண்டிலும் ஒவ்வொரு கருவி இருக்கும். இரண்டும் கம்பியால் தொடுக்கப்பட்டிருக்கும். உள்ளே வட்டமான உலோகத் தகடுகள். ஒரு ஸ்டேஷனில் ஒரு தகட்டை வெளியே எடுத்துவிட்டால், அதைத் திரும்ப ஏதாவது ஒரு கருவிக்குள் போடும்வரை இரண்டு பக்கமும் வேறு தகடு எடுக்க முடியாது. தகடு கையில் இல்லாமல் ட்ரைவர் அந்தத் துண்டுப் பாதைக்குள் போகக் கூடாது. பெரிய வளையத்தோடு தொங்குகிற தோல் பையை ஸ்டேஷன்காரர் எஞ்சினில் கொடுத்து வாங்குவதைப் பார்த்திருப்பீங்களே, அந்தப் பைக்குள் இருப்பது இந்தத் தகடுதான். ஒரு சின்னத் தகடு அத்தனை பேரின் உயிருக்கும் பொறுப்பு.

நான்காவது, பிரேக். நீண்ட காலமாக நம் ரயில் பெட்டிகளில் இருந்தது வெற்றிடப் பிரேக். எல்லாப் பெட்டிக்கும் கீழே ஒரே குழாய் ஓடும். எஞ்சின் அந்தக் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்துக்கொண்டே இருக்கும். அப்போது பிரேக் விடுபட்டிருக்கும். பெட்டி கழன்றுவிட்டால் குழாய் பிரிந்து, காற்று உள்ளே புகுந்து, பிரேக் தானாகவே இறுகிக்கொள்ளும். கழன்ற பெட்டி மலையில் பின்னால் உருண்டு ஓடாமல் இருப்பது இதனால்தான்.

கோச்சி எப்படி மலை ஏறுகிறது?

இரும்பு ரோதை, இரும்புத் தண்டவாளம். இரண்டும் வழுவழுப்பானவை. சமதரையில் இது நல்லது, கொஞ்ச பலத்தில் நிறையப் பாரம் இழுக்கலாம். மலையில் இதுவே தொல்லை, ரோதை வழுக்கும். மழை பெய்து தண்டவாளத்தில் இலை விழுந்து கிடந்தால் இன்னும் வழுக்கும். அப்போது ரோதைக்கு முன்னால் மணல் விழ எஞ்சினிலேயே ஏற்பாடு உண்டு.

எனவே ஏற்றத்தை ஓர் அளவுக்கு மேல் விடக் கூடாது. மலைப்பாதையில் மிகக் கடுமையான ஏற்றம் 44க்கு 1. அதாவது 44 அடி தூரம் போனால் 1 அடி உயரும். தோட்டத்து ரோட்டில் லொறி ஏறுவதோடு பார்த்தால் இது ஒன்றுமே இல்லை. ஆனால் ரயிலுக்கு இது பெரிய ஏற்றம். ரம்புக்கனையிலிருந்து கடுகண்ணாவை வரை ஏறக்குறைய 1,400 அடி இப்படியே ஏற வேண்டும். நீராவிக் காலத்தில் ரம்புக்கனையில் இன்னோர் எஞ்சினைச் சேர்த்துத்தான் மேலே அனுப்புவார்கள்.

நாம் மலையில் நேரே மேலே போகிற குறுக்குப் பாதையில் ஏறுவோம். கொழுந்து லொறி அப்படிப் போக முடியாது, வளைந்து வளைந்து சுற்றித்தான் போகும். கோச்சி அதைவிடவும் அதிகம் சுற்ற வேண்டும். உயரத்தைக் கூட்ட வேண்டுமானால் தூரத்தைக் கூட்ட வேண்டும். அதனால்தான் பாதை ஒவ்வொரு மலையின் விலாவையும் ஒட்டிப் போகிறது. சுற்ற இடம் இல்லாத இடத்தில் மலையைக் குடைந்து சுரங்கம் போட்டார்கள். கொழும்பு - பதுளைப் பாதையில் இப்படி 46 சுரங்கங்களுக்கு இலக்கம் போட்டிருக்கிறது. அடுத்த முறை போகும்போது பிள்ளைகளை எண்ணிக்கொண்டே வரச் சொல்லுங்கள்.

கடுகண்ணாவையிலிருந்து பதுளை வரை

ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறோம். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் மழையில் மலைப்பாதை பல இடங்களில் மண்சரிவால் கடுமையாகச் சேதமடைந்தது. ஆகவே புறப்படுவதற்கு முன், எந்த ஸ்டேஷனிலிருந்து எந்த ஸ்டேஷன் வரை அன்றைக்குக் கோச்சி ஓடுகிறது என்று உங்கள் ஸ்டேஷனில் கேட்டுக்கொண்டு போங்கள். நாம் இங்கே சொல்வது பாதையின் முழு வரலாறு.

கடுகண்ணாவைக்குக் கீழே, பலானை, இகல கோட்டைப் பக்கம் பாதை பாறை விளிம்பில் போகும். ஒரு பக்கம் அலகல்லை மலை, மறு பக்கம் பள்ளத்தாக்குக்கு அப்பால் தட்டையான தலையோடு பத்தலேகலை என்ற பைபிள் மலை. இங்கே பாறையைக் குடைந்த இடங்களை நன்றாகப் பாருங்கள். மலையகத்திலிருந்து வருகிறவர்கள் கடுகண்ணாவையோடு திரும்பாமல் ரம்புக்கனை வரை இறங்கிப் போய்த் திரும்பினால் இந்த ஏற்றத்தின் அருமை தெரியும்.

பேராதனையில் கண்டி, மாத்தளைப் பாதை பிரியும். நம் பாதை கம்பளை, நாவலப்பிட்டி என்று மகாவலிப் பள்ளத்தாக்கில் போகும். நாவலப்பிட்டியைத் தாண்டியதும் மறுபடியும் ஏற்றம். கலபொட, வட்டவளை, ரொசெல்ல கடந்து ஹட்டன் சுமார் 4,100 அடி. ஹட்டனுக்கும் கொட்டகலைக்கும் இடையில் சிங்கமலைச் சுரங்கம், அரைக் கிலோமீற்றருக்கு மேல் நீளம். நடுவில் வளைவு இருப்பதால் இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரியாது. இரண்டு பக்கத்திலிருந்தும் குடைந்து வந்து நடுவில் சரியாகச் சேர வேண்டுமென்றால் எவ்வளவு கணக்கு வேண்டும், எவ்வளவு உழைப்பு வேண்டும்!

கொட்டகலை, தலவாக்கலைப் பக்கம் செயின்ட் கிளயர் அருவியைக் கோச்சியிலிருந்தே பார்க்கலாம். பிறகு வட்டகொடை, கிரேட் வெஸ்டர்ன், ராதல்ல, நானுஓயா. இங்கே சுமார் 5,300 அடி. தேயிலைக் காடு குறைந்து, அம்பேவெலவில் புல்வெளியும் மாட்டுப் பண்ணையும் வரும். பட்டிப்பொலதான் இலங்கையிலேயே மிக உயரமான ரயில் நிலையம், 6,200 அடி அளவில். அதைத் தாண்டிச் சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியே வந்தால் ஊவாப் பக்கம். பல நாட்களில் ஒரு பக்கம் மூடுபனி, மறு பக்கம் வெயில்.

ஒஹிய, இதல்கஸ்ஹின்ன, அப்புத்தளை. இந்த இடத்தில் பாதை மலையின் முதுகிலேயே போகும். தெற்கே பார்த்தால் கீழ்நாடு விரிந்து கிடக்கும். தியத்தலாவை, பண்டாரவளை கடந்து எல்ல வரும். எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவில்தான் ஒன்பது வளைவுப் பாலம். 1921இல் கட்டி முடித்தது. நீளம் ஏறக்குறைய 300 அடி, உயரம் 80 அடி. கல், செங்கல், சீமெந்து இவற்றால் கட்டியது, இரும்பு கிடையாது. பாரம் வளைவின் இரண்டு பக்கமும் இறங்கித் தூணுக்குள் போவதால், கோச்சி ஏற ஏறக் கல்லும் கல்லும் இன்னும் இறுக்கமாக நெருங்கிக்கொள்ளும். நூறு வருடம் தாண்டியும் நிற்கிறது.

தெமோதரையில் இன்னோர் அதிசயம். ஸ்டேஷனிலிருந்து பதுளைக்குப் புறப்படும் கோச்சி, மலையைச் சுற்றி இறங்கி, தான் நின்ற அதே ஸ்டேஷனுக்கு அடியில் உள்ள சுரங்கத்தின் வழியாகப் போகும். மேலே ஸ்டேஷன், கீழே பாதை. பள்ளம் அதிகமாக இருந்ததால், இறங்குவதற்குத் தூரம் போதவில்லை, சுற்றிவிட்டார்கள்.

இந்தச் சுற்றைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். பாதையை எப்படி இறக்குவது என்று தெரியாமல் யோசித்துக்கொண்டிருந்த எஞ்சினியர் விமலசுரேந்திர, தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாவை அவிழ்த்துத் திரும்பச் சுற்றிக் கட்டுவதைப் பார்த்தாராம். துணி ஒன்றின் மேல் ஒன்றாகச் சுற்றி வருவதைக் கண்டதும், பாதையையும் அப்படியே சுற்றலாம் என்று அவருக்கு எண்ணம் வந்ததாம். நடந்ததோ இல்லையோ, ஊரில் இன்றும் சொல்கிறார்கள். எஞ்சினியரின் பெயர் நமக்குத் தெரியும். அந்தக் கங்காணியின் பெயர் கதையில்கூட இல்லை.

ஒப்பாரிக் கோச்சி

இந்தப் பாதையில் சந்தோஷம் மட்டும் ஓடவில்லை. 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்து நம்மவர்களில் பெரும்பாலானோர் நாடற்றவர்களானார்கள். 1964 அக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஆனது. 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை கொடுப்பது என்று இரண்டு அரசாங்கமும் முடிவு செய்தன. கேட்டுச் செய்தார்களா என்றால், நம்மை யாரும் கேட்கவில்லை.

அதன்பின் மலையக ஸ்டேஷன்களில் நடந்ததை வயதானவர்கள் இன்னும் மறக்கவில்லை. அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை. தாய் ஒரு பக்கம், கட்டிக் கொடுத்த மகள் ஒரு பக்கம். தகரப் பெட்டியோடு தலைமன்னார் போகிற கோச்சியில் ஏறினால் திரும்ப முகம் பார்ப்போமா என்பது தெரியாது. பிளாட்பாரம் முழுக்க ஒப்பாரிதான். எழுத்தாளர் மு. சிவலிங்கம் தமது சிறுகதைத் தொகுதிக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்றே பெயர் வைத்திருக்கிறார். 1980களின் நடுப்பகுதியில் யுத்தத்தால் கப்பல் நின்றது. தலைமன்னார் ரயிலும் 1990இல் நின்றுபோய், பாதை திரும்பப் போடப்பட்டு 2015இல்தான் மறுபடியும் ஓடியது.

உங்கள் வீட்டில் பாட்டி, தாத்தா இருந்தால், எந்த ஸ்டேஷனில் யாரை வழியனுப்பினீர்கள் என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள். பெயர், வருடம், போன ஊர் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். எந்த அருங்காட்சியகத்திலும் கிடைக்காத சரித்திரம் அது.

காணும் கோச்சியும்

மலைப்பாதைக்குப் பெரிய எதிரி தண்ணீர். மழை மண்ணுக்குள் இறங்கி நிறைந்ததும் மண் கனக்கும், பிடி விடும், அப்படியே சரியும். வட்டவளைப் பக்கம் 1990களின் முற்பகுதியில் நிலம் மெல்ல நகர்ந்து பாதையையும் சேர்த்து இழுத்தது. மண்ணுக்குள் நின்ற தண்ணீரை வடிய வைத்துத்தான் அதை நிறுத்தினார்கள். 2025இல் டித்வா செய்ததை நாமே பார்த்தோம். பாதை மட்டுமல்ல, எத்தனையோ லயங்களும் உயிர்களும் போயின.

தோட்டத்தில் காண் வெட்டுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. காண் ஏன் சரிவுக்குக் குறுக்காகப் போகிறது, ஏன் அதைத் தூர்ந்து போக விடக் கூடாது என்று உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். ரயில் பாதையின் மேலேயும் கீழேயும் இருக்கிற மலை பல இடங்களில் தோட்டத்து மலைதான். காண் அடைபட்டால் தண்ணீர் வழி மாறிப் பாதைக்கும் வரும், நம் லயத்துக்கும் வரும். ஆகவே காணிலும் மதகிலும் குப்பை போடாதீர்கள். மலையில் புதிதாக வெடிப்பு கண்டால், மரம் சாய்ந்தால், தெளிந்த ஊற்று திடீரென்று கலங்கினால், தோட்டத்து அலுவலகத்துக்கும் கிராம சேவகருக்கும் உடனே சொல்லுங்கள். தண்டவாளத்துக்குப் பக்கத்தில் என்றால் அருகிலுள்ள ஸ்டேஷனுக்கும் சொல்லுங்கள். அந்தத் தகவல் ஒரு கோச்சியையே காப்பாற்றக்கூடும்.

போகிறவர்கள் கவனத்திற்கு

1. தனியாகப் போவதைவிட இளைஞர் கழகம், கோயில் கமிட்டி, நலன்புரிச் சங்கம் மூலம் ஒரு கூட்டமாகப் போனால் செலவு குறையும். அருங்காட்சியகம் அன்று திறந்திருக்குமா, நுழைவுக் கட்டணம் எவ்வளவு என்று முதலில் விசாரியுங்கள். ஞாயிறு, போயா நாட்களில் போகிறவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும்.

2. மூன்றாம் வகுப்பு டிக்கட் எடுத்துப் போனாலும் ஜன்னலுக்கு வெளியே அதே மலைதான். விடுமுறைக் காலத்தில் கூட்டம் அதிகம், நேரத்தோடு ஸ்டேஷனுக்குப் போங்கள்.

3. படிக்கட்டில் தொங்காதீர்கள், தலையையும் கையையும் வெளியே நீட்டாதீர்கள். சுரங்கத்தின் சுவரும் பாறையும் பெட்டிக்கு மிக அருகில் வரும். படம் பிடிக்கப் போய்க் கீழே விழுந்தவர்கள் இருக்கிறார்கள்.

4. சுரங்கத்துக்குள்ளும் பாலத்தின் மேலும் நடக்காதீர்கள். குறுக்கு வழி என்று பழகிப்போனவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறோம். வளைவில் வருகிற கோச்சி கடைசி நிமிடம் வரை தெரியாது.

5. நானுஓயாவுக்கு மேலே குளிர் அதிகம். கைப்பிள்ளைகளுக்குக் கம்பளி, குடிக்கத் தண்ணீர், கட்டுச் சாப்பாடு எடுத்துப் போங்கள். குப்பையை வெளியே வீசாதீர்கள்.

6. ஒரு பிள்ளைக்கு ஒரு வேலை கொடுங்கள். ஒருவர் சுரங்கத்தை எண்ணட்டும், ஒருவர் ஸ்டேஷன் பெயரையும் பலகையில் உள்ள உயரத்தையும் எழுதட்டும், ஒருவர் டப்லட் கைமாறுவதைப் பார்க்கட்டும். வீட்டுக்கு வந்து எல்லாருக்கும் சொல்லட்டும்.

வெளிநாட்டார் இந்த மலையின் அழகைப் பார்க்கக் காசு செலவழித்து வருகிறார்கள். வரட்டும், நல்லதுதான். நாம் போகும்போது அழகோடு சேர்த்து இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பாறையில் இன்றும் தெரிகிற உளித் தடத்தைக் காட்டி, "இது நம்ம ஆளுங்க வேலை" என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லோடு பிள்ளை வீடு திரும்பினால், டிக்கட்டுக்குக் கொடுத்த காசு வீண் போகவில்லை.